பாசிவ் ஓஎல்இடியும் அமோலெட்டும்: ஒளி ஒன்றுதான், முறைதான் வேறு

கேட்கப்பட்டது: "என் பழைய கைப்பட்டையில் ஓஎல்இடி என்று போட்டிருந்தது. புதிய கைக்கடிகாரத்தில் அமோலெட் என்று போட்டிருக்கிறது. அமோலெட் என்பது ஓஎல்இடியைவிட நன்றாக ஒளிரும் புதுப் பொருள் என்று நினைக்கிறேன். அப்படியானால் பெரிய டிவிகளில் மட்டும் ஏன் இன்னும் பழைய ஓஎல்இடியையே போடுகிறார்கள்?"

6 ஜூலை 2025, காலை

பெயர்தான் உங்களைக் குழப்புகிறது. ஒளிரும் பொருள் இரண்டிலும் ஒரே குடும்பம். கோடாக் நிறுவனத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் 1987-ல் வெளியிட்ட இரண்டு அடுக்கு டயோடின் வாரிசுகள்தாம் இரண்டும். 10 வோல்ட்டுக்குக் குறைவான மின்னழுத்தத்தில், மெல்லிய கரிமப் படலங்கள் வழியாக மின்னோட்டம் போனால் ஒளி வரும். அந்த அடிப்படை கைப்பட்டையிலும் கடிகாரத்திலும் டிவியிலும் ஒன்றுதான்.

வேறுபடுவது, அந்த ஒவ்வொரு புள்ளிக்கும் மின்சாரத்தை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள் என்பது. பாசிவ் மேட்ரிக்ஸில் மேலிருந்து கீழாக ஆனோடு கோடுகள், குறுக்காகக் கேத்தோடு கோடுகள், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பிக்சல். அவ்வளவுதான், வேறு எதுவும் அங்கே இல்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வரிசைதான் எரியும். அது அணைந்ததும் அடுத்தது, அப்புறம் அதற்கடுத்தது. நொடிக்கு 100 தடவைக்கு மேல் இப்படி மேலிருந்து கீழே ஓடுவதால் முழுத்திரையும் எரிவதுபோல் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆக்டிவ் மேட்ரிக்ஸில் ஒவ்வொரு பிக்சலுக்கும் பின்னால் குறைந்தது இரண்டு டிரான்சிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் இருக்கும். ஒரு டிரான்சிஸ்டர் கதவு. தன் வரிசையின் முறை வரும்போது அது திறந்து, "இவ்வளவு வெளிச்சம்" என்ற அளவைக் கெபாசிட்டரில் போட்டுவிட்டு மூடிக்கொள்ளும். இன்னொன்று அந்த அளவைப் பார்த்து, அடுத்த முறை வரும்வரை டயோடுக்கு மின்னோட்டம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அமோலெட் (AMOLED) என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் முதல் இரண்டு எழுத்தும் இந்த ஆக்டிவ் மேட்ரிக்ஸைத்தான் குறிக்கின்றன.

6 ஜூலை, மதியம்

டிவி பற்றிய பகுதியை விட்டுவிட்டேன். பெரிய ஓஎல்இடி டிவி எல்லாமே ஆக்டிவ் மேட்ரிக்ஸ்தான். பெட்டியில் வெறும் "ஓஎல்இடி" என்று போடுகிறார்கள், அதனால் பாசிவ் என்று ஆகிவிடாது. சோனி 2007-ல் விற்ற 11 அங்குல எக்ஸ்இஎல்-1, எல்ஜி 2013-ல் கொண்டுவந்த 55 அங்குலம், இரண்டிலும் ஒவ்வொரு பிக்சலுக்கும் டிரான்சிஸ்டர் உண்டு. தொலைபேசித் திரை விற்பவர்கள் அமோலெட் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள், டிவி விற்பவர்கள் பிடிக்கவில்லை. தொழில்நுட்பத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் எதுவும் இல்லை.

உங்கள் பழைய கைப்பட்டை ஒற்றை நிறமாக, எழுத்தும் எண்ணும் மட்டும் காட்டுவதாக இருந்தால் அது பெரும்பாலும் பாசிவ். புதிய கடிகாரம் வட்டமாக 454 வரிசை கொண்டதென்றால் அது ஆக்டிவ் ஆகத்தான் இருக்க முடியும். ஏன் என்பதைக் கணக்கோடு எழுத வேண்டும், நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

8 ஜூலை

கணக்கு. என் மேசையில் எப்போதும் கிடக்கும் 0.96 அங்குல, 128×64 பாசிவ் திரையையே எடுத்துக்கொள்கிறேன். எஸ்எஸ்டி1306 சில்லு ஓட்டுகிறது. மின்னணுவியல் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஒருமுறையாவது கையில் பிடித்திருப்பார்கள்.

64 வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் மொத்த நேரத்தில் 64-ல் ஒரு பங்குதான் கிடைக்கும். கண்ணுக்குச் சராசரியாக 100 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) தெரிய வேண்டும் என்றால், தன் முறையில் அந்தப் பிக்சல் 6,400 நிட் கொடுத்தாக வேண்டும். 128 வரிசை என்றால் 12,800. இப்போது உங்கள் கடிகாரத்தின் 454 வரிசைக்கு வாருங்கள், அதுவும் வெயிலில் படிக்கும்படி 500 நிட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்: 2,27,000 நிட். அந்த அளவுக்கு மின்னோட்டத்தைத் திணித்தால் படலம் சூடாகித் திறன் இழந்து சீக்கிரமே செத்துவிடும்.

பாசிவ் திரைகள் ஏன் சின்னதாகவே இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அங்குலம் இங்கே இரண்டாம்பட்சம், வரிசை எத்தனை என்பதுதான் முதல் கேள்வி. பெரிய எழுத்துகளோடு, குறைந்த வரிசையில், கொஞ்சம் பெரிய பாசிவ் திரை செய்யலாம். சின்னத் திரையில் 500 வரிசை செய்ய முடியாது.

9 ஜூலை

நேற்று எழுதியதில் இரண்டு திருத்தம்.

முதலாவது, 6,400 என்பது குறைத்துச் சொன்ன எண். திரைக்கு முன்னால் வெளி வெளிச்சம் பிரதிபலிக்காமல் இருக்க வட்டப் போலரைசர் ஒட்டியிருந்தால், உள்ளே உண்டாகும் ஒளியில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். பிக்சல்களுக்கு நடுவே ஒளிராத இடைவெளியும் உண்டு. ஆகவே படலம் உண்மையில் தர வேண்டியது இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

இரண்டாவது, அங்குலம் இரண்டாம்பட்சம் என்றது முழு உண்மை இல்லை. ஒரு வரிசை எரியும்போது அந்த வரிசையின் எல்லா நெடுவரிசை மின்னோட்டமும் ஒரே கேத்தோடு கோடு வழியாகத்தான் வெளியேற வேண்டும். எஸ்எஸ்டி1306-ல் ஒரு நெடுவரிசைக்கு அதிகபட்சம் 100 மைக்ரோ ஆம்பியர், 128 நெடுவரிசை சேர்ந்தால் 12.8 மில்லி ஆம்பியர். ஒரு வரிசை முனை அதிகபட்சம் 15 மில்லி ஆம்பியர் தாங்கும் என்று விவரக்குறிப்பில் இருப்பது அதனால்தான். திரை நீளமானால் கோடு நீளும், மின்தடை கூடும், ஓரத்தில் மின்னழுத்தம் சரியும். ஆனோடு பக்கம் இருப்பது ஒளி ஊடுருவும் ஐடிஓ, அதாவது இண்டியம் டின் ஆக்சைடு, அது உலோகம்போல் நன்றாகக் கடத்தாது. எனவே அளவும் கணக்கில் வருகிறது. வரிசை எண்ணிக்கை அதைவிட முந்திக்கொண்டு வந்து நிற்கிறது என்று திருத்திக்கொள்ளுங்கள்.

9 ஜூலை, இரவு

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்பதால் சேர்க்கிறேன். 128×64 திரையில் ஒரு வரிசை முழுக்கக் கோடு போடுங்கள், அதற்குக் கீழே வேறு வரிசையில் பத்துப் பிக்சல் மட்டும் போடுங்கள். என்னிடம் உள்ள மூன்று திரையிலும் முழுக்கோடு மங்கலாகவும் பத்துப் பிக்சல் பளிச்சென்றும் இருக்கின்றன. எழுத்துக்குக் கீழே அடிக்கோடு இட்டால் அது எழுத்தைவிடச் சோர்ந்து தெரிவதை முதன்முதலில் பார்த்தபோது நிரலில்தான் பிழை என்று நினைத்து ஒரு மாலை முழுவதும் தேடினேன். நிரலில் பிழை இல்லை. நெடுவரிசை ஓட்டிகள் நிலையான மின்னோட்டம் தர முயல்கின்றன, ஆனால் சில்லுக்குள் மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் சார்ஜ் பம்ப் தருவது 7.5 வோல்ட் அளவுதான். 10 மில்லி ஆம்பியர் ஒரே கோட்டில் ஓடும்போது அந்த மின்னழுத்தம் போதாமல் போகிறது.

13 ஜூலை

கையில் இருக்கும் திரை எந்த வகை என்று கேமராவால் கண்டுபிடிக்கலாமா என்று கேட்கப்பட்டிருக்கிறது. கண்டுபிடிக்கலாம், கொஞ்சம் கவனம் வேண்டும்.

கேமராவைக் கைமுறைக்கு மாற்றி ஷட்டரை நொடியில் 1000-ல் ஒரு பங்கு வைத்து எடுத்தேன். எஸ்எஸ்டி1306-ன் இயல்பு நிலையில் கடிகாரத் துடிப்பு 370 கிலோஹெர்ட்ஸ், ஒரு வரிசைக்கு 54 துடிப்பு, அதாவது சுமார் 146 மைக்ரோ நொடி. 64 வரிசைக்கு 9.3 மில்லி நொடி, நொடிக்கு 107 முழுச்சுற்று. ஆக, 1 மில்லி நொடியில் ஏழு வரிசைதான் எரியும். படத்திலும் அப்படியே: ஒன்றிரண்டு பட்டை மட்டும் ஒளிர, மீதித் திரை கருப்பு. திரை பழுது என்று யாராவது இப்படிப் படம் எடுத்துக் கேட்டால் முதலில் ஷட்டர் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அதே ஷட்டரில் அமோலெட் தொலைபேசியை எடுத்தேன். முழு வெளிச்சத்தில் ஏறக்குறைய முழுத்திரையும் எரிகிறது, ஒரு மெல்லிய கருங்கோடு மட்டும் குறுக்கே. வெளிச்சத்தைக் குறைத்ததும் கருப்புப் பட்டைகள் தடித்துப் பலவாகிவிட்டன. இதைப் பார்த்து "அமோலெட்டும் வரிசை வரிசையாகத்தானே எரிகிறது" என்று முடிவுகட்ட வேண்டாம். அது மங்கலாக்குவதற்காக வேண்டுமென்றே அணைத்து அணைத்து எரிய வைப்பது, பிடபிள்யூஎம். பல தொலைபேசிகளில் நொடிக்கு 240 தடவை. வெளிச்சத்தைக் கூட்டினால் அந்தப் பட்டை மெலிந்துவிடும். பாசிவில் வெளிச்சத்தை எவ்வளவு கூட்டினாலும் எரியும் பட்டை அகலாது, அதே ஏழு வரிசைதான். கைபேசிக் கேமரா படத்தை மேலிருந்து கீழாகப் படிப்பதால் பட்டைகள் சாய்ந்தோ இரட்டித்தோ தெரியலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கண் உறுத்தல் உள்ளவர்களுக்கு இரண்டுமே தொந்தரவாக இருக்கலாம். என் மனைவிக்கு மங்கலாக்கிய அமோலெட் பத்து நிமிடத்துக்கு மேல் முடியாது. அவளுக்காகத் தொலைபேசியை முழு வெளிச்சத்துக்கு அருகில் வைத்து, மேலே கருமையான படலம் போடும் செயலியைப் பயன்படுத்துகிறோம். அதனால் பேட்டரி செலவு கூடுகிறது, ஆனாலும் தலைவலி நின்றது.

14 ஜூலை

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் தொடர்புண்டு.

"பாசிவ்" என்றதும் பழைய மடிக்கணினிகளின் மங்கலான, நிழல் படிந்த எல்சிடி திரையை நினைத்துக்கொண்டு, பாசிவ் ஓஎல்இடியும் அப்படித்தான் நிழலடிக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். பிரச்சினை வேறு. எல்சிடியில் பிக்சல் தன்மீது விழும் மின்னழுத்தத்தின் சராசரி விளைவைத்தான் உணரும். எரிய வேண்டிய பிக்சலுக்கும் எரியக் கூடாத பிக்சலுக்கும் கிடைக்கும் மின்னழுத்த வித்தியாசம் வரிசை கூடக்கூடச் சுருங்கும். ஆல்ட்டும் பிளெஷ்கோவும் 1974-ல் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். 64 வரிசைக்கு வித்தியாசம் சுமார் 13 சதவீதம், 240 வரிசைக்கு 7 சதவீதத்துக்கும் கீழே. அந்தக் கொஞ்ச வித்தியாசத்தை வைத்துக்கொண்டு கருப்பையும் வெள்ளையையும் பிரிக்கத்தான் எஸ்டிஎன் என்ற முறுக்கிய திரவப் படிகம் வந்தது.

ஓஎல்இடி ஒரு டயோடு. ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்குக் கீழே அது ஒளிராது, தலைகீழ் மின்னழுத்தத்தில் மின்னோட்டமே கிட்டத்தட்ட இல்லை. தேர்ந்தெடுக்கப்படாத வரிசைகளைத் தலைகீழ் மின்னழுத்தத்தில் வைத்தால் போதும், அவை இருட்டாகவே இருக்கும். அதனால் 64 வரிசையிலும் பாசிவ் ஓஎல்இடியின் கருப்பு கருப்புதான். எல்சிடியில் வரிசை கூடினால் கான்ட்ராஸ்ட் போகும், ஓஎல்இடியில் வரிசை கூடினால் வெளிச்சமும் ஆயுளும் போகும்.

ஒவ்வொரு பிக்சலுக்கும் டிரான்சிஸ்டர் வைக்கும் யோசனையும் எல்சிடி காலத்தது. வெஸ்டிங்ஹவுஸில் பீட்டர் பிராடியின் குழு 1973-லேயே காட்மியம் செலினைடு டிரான்சிஸ்டர்களால் ஆறு அங்குலச் சதுர எல்சிடி செய்து காட்டியது. ஓஎல்இடி கடைகளுக்கு வந்தபோதோ முதலில் எளிய வழியில்தான் வந்தது: 1997-ல் பயனியரின் கார் ஆடியோவில் 256×64 பச்சைத் திரை, பாசிவ். ஆக்டிவ் திரையோடு கோடாக்கின் ஈஸிஷேர் எல்எஸ்633 கேமரா 2003-ல் வந்தது, பின்பக்கம் 2.2 அங்குலம்.

20 ஜூலை

முதல் நாள் நான் "பாசிவ் பிக்சலுக்குப் பின்னால் எதுவும் இல்லை" என்ற தொனியில் எழுதியது சிலருக்கு, பாசிவ் திரையை எந்நேரமும் நுண்கட்டுப்படுத்தியே (மைக்ரோகண்ட்ரோலர்) ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்ற எண்ணத்தைத் தந்திருக்கிறது. அது அப்படி இல்லை. பிக்சலில் நினைவு கிடையாது, ஓட்டும் சில்லில் உண்டு. 128×64 புள்ளிக்கு 1,024 பைட் நினைவகம் அதற்குள்ளேயே இருக்கிறது. படத்தை ஒருமுறை அனுப்பிவிட்டு நுண்கட்டுப்படுத்தியைத் தூங்க வைக்கலாம், சில்லு தானே வரிசையைச் சுற்றிக்கொண்டிருக்கும். என் வெப்பமானி அப்படித்தான் ஓடுகிறது, நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து எண்ணை மாற்றிவிட்டுத் தூங்கிவிடும்.

ஆனால் சில்லு சுற்றுவதை நிறுத்த முடியாது. நொடிக்கு 107 என்பதை 10 ஆகக் குறைத்தால் திரை கண்ணெதிரே துடிக்கும். ஆக்டிவில் பிக்சலின் கெபாசிட்டரே அளவைப் பிடித்து வைத்திருப்பதால் புதுப்பிப்பதை மெதுவாக்கலாம். எவ்வளவு மெதுவாக என்பது அந்தக் கதவு டிரான்சிஸ்டர் எவ்வளவு கசிகிறது என்பதைப் பொறுத்தது. தாழ்வெப்பப் பாலிசிலிக்கான், அதாவது எல்டிபிஎஸ், வேகமானது, ஆனால் கசியும். இண்டியம் காலியம் துத்தநாக ஆக்சைடு மெதுவானது, ஆனால் கசிவு மிக மிகக் குறைவு. இரண்டையும் ஒரே பிக்சலில் கலந்தால் எல்டிபிஓ. ஆப்பிள் வாட்ச் சீரீஸ் 5, 2019-ல், எந்நேரமும் அணையாத திரையோடு வந்ததும் நொடிக்கு ஒருமுறை மட்டும் புதுப்பித்ததும் இதனால்தான் முடிந்தது. உங்கள் கடிகாரத்தில் "எப்போதும் எரியும் திரை" வசதி இருந்தால், அது எல்டிபிஓவா என்று பாருங்கள். பேட்டரி எத்தனை நாள் வரும் என்பதில் அது கணிசமாக விளையாடும்.

27 ஜூலை

இந்த வாரம் செய்த சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது.

எஸ்எஸ்டி1306-ல் மல்டிபிளெக்ஸ் விகிதம் என்று ஒரு கட்டளை உண்டு. எத்தனை வரிசையைச் சுற்ற வேண்டும் என்று சொல்லலாம், 64 வரை. அதே 64 வரிசைத் திரையை 32 வரிசை மட்டும் சுற்றும்படி மாற்றினேன். கீழ்ப்பாதி இருண்டுவிட்டது. மேல்பாதி, கான்ட்ராஸ்ட் எண்ணை (இந்தச் சில்லில் பிக்சல் மின்னோட்டத்தை அதுதான் தீர்மானிக்கிறது) தொடாமலே, பளிச்சென்று ஏறியது. ஒவ்வொரு வரிசைக்கும் இப்போது 32-ல் ஒரு பங்கு நேரம், அதாவது இரண்டு மடங்கு. ஒளிமானியாகப் பயன்படுத்தும் ஒளி டயோடில் 1.9 மடங்கு காட்டியது. 16 வரிசைக்கு இறக்கினால் இன்னும் கூடுகிறது, ஆனால் அதில் இரண்டு வரி எழுத்துக்குத்தான் இடம்.

இதைப் பார்த்த பிறகு என் மனத்தில் பாசிவ், ஆக்டிவ் இரண்டும் இரண்டு தரமாக இல்லை. காட்ட வேண்டியது குறைவென்றால் வரிசையைக் குறைத்து அதே திரையிலிருந்து அதிக வெளிச்சமோ அதிக ஆயுளோ வாங்கலாம். ஆக்டிவில் இந்தப் பேரம் கிடையாது. அங்கே பாதித் திரையை இருட்டாக்கினால் மின்சாரம் மிஞ்சும், மீதிப் பாதி அதனால் ஆயுள் பெறாது.

3 ஆகஸ்ட்

மின்செலவு. "பாசிவ் அதிகம் குடிக்கும், ஆக்டிவ் குறைவு" என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறார்கள். பெரிய திரைக்கு உண்மை. சின்னத் திரைக்கு எல்லா நேரமும் உண்மை இல்லை.

பாசிவில் மூன்று இடத்தில் வீணாகிறது. ஒன்று, உச்ச மின்னோட்டத்துக்காகக் கூடுதல் மின்னழுத்தம், அந்த நிலையில் டயோடின் திறனும் இறங்கும். இரண்டு, கோடுகளின் மின்தடை. மூன்றாவது பலர் மறப்பது: கரிமப் படலம் 100 நானோமீட்டர் தடிமன்தான், ஆகவே ஒவ்வொரு பிக்சலும் ஒரு நல்ல கெபாசிட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 25 நானோ ஃபாரட் அளவில் வரும். ஒரு நெடுவரிசையில் ஒரு பிக்சலை எரிக்க வேண்டுமென்றாலும் அந்த நெடுவரிசையில் தொங்கும் 64 பிக்சலின் மின்தேக்கத்தையும் நிரப்பியாக வேண்டும். நிரப்பாவிட்டால் மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம் அதை நிரப்புவதிலேயே நேரத்தைக் கழித்துவிடும். அதனால்தான் சில்லில் வரிசை தொடங்கும்போது ஒரு டிஸ்சார்ஜ் கட்டமும் ஒரு பிரீசார்ஜ் கட்டமும் வைத்திருக்கிறார்கள்.

ஆக்டிவிலும் வீண் உண்டு. ஓட்டும் டிரான்சிஸ்டர் டயோடோடு தொடராக நிற்கிறது, தன் பங்குக்குச் சில வோல்ட் எடுத்துக்கொண்டு அதை வெப்பமாக வீணாக்கிவிடுகிறது. பிக்சல் எரிந்துகொண்டிருக்கும் நேரமெல்லாம் இது நடக்கும்.

என் 0.96 அங்குலத் திரை 3.3 வோல்ட்டில், எல்லாப் பிக்சலும் எரியும்போது 21 மில்லி ஆம்பியர் எடுத்தது. நான்கு எண்கள் மட்டும் எரியும்போது 6. இருட்டுப் பின்னணியில் சில எண்கள் காட்டுவதுதான் வேலை என்றால் இந்த 6 எனக்குப் போதும்.

10 ஆகஸ்ட்

பர்ன்-இன் (ஒரே படம் திரையில் நிழலாகப் பதிந்துவிடுவது) பற்றி எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் இதில் எனக்கு நேரடி இழப்பு உண்டு. நான் செய்த கடிகாரம் 14 மாதம் இரவு பகலாக ஓடியது. போன மாதம் முழுத்திரையையும் எரிய விட்டுப் பார்த்தேன். எல்லா நேரமும் எரிந்த இரட்டைப்புள்ளியும், மேலே நான் போட்டிருந்த "வெப்பம்" என்ற சொல்லும் நிழலாக, தெளிவாக வாசிக்கும்படி பதிந்துவிட்டன. மணியின் பத்தாமிட எண் 1 நிற்கும் இடமும் மங்கியிருக்கிறது.

விவரக்குறிப்பில் 10,000 மணி நேரத்தில் வெளிச்சம் பாதியாகும் என்று இருந்தால், எந்நேரமும் எரியும் பிக்சலுக்கு அது 417 நாள். 14 மாதம் என்பது கிட்டத்தட்ட அதேதான். திரையில் குறை ஒன்றும் இல்லை, நான் அந்த எண்ணை நாளாக மாற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

பாசிவில் இது ஏன் கடுமையாகிறது என்பதற்கு ஒரு கணக்கு: ஓஎல்இடியின் ஆயுள், வெளிச்சத்தின் 1.5 முதல் 2 வரையிலான அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது பரவலாகப் பயன்படும் விதி. அடுக்கு 1.5 என்று வைத்தால், 64 மடங்கு உச்சத்தில் எரியும்போது ஆயுள் 512-ல் ஒரு பங்கு. ஆனால் எரிவது 64-ல் ஒரு பங்கு நேரம்தான், ஆகவே மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. அதே சராசரி வெளிச்சத்துக்கு ஆக்டிவ் எட்டு மடங்கு காலம் வரும்.

12 ஆகஸ்ட்

அந்த எட்டு மடங்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், நான் அவசரப்பட்டுவிட்டேன். அந்த விதி தொடர்ச்சியாக எரிய வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து வந்தது. தொடர்ந்து எரியும்போது உச்ச வெளிச்சத்தோடு சூடும் சேர்ந்து ஏறும், சூடு ஆயுளைத் தின்னும். பாசிவில் 146 மைக்ரோ நொடி எரிந்து 9 மில்லி நொடி ஓய்வெடுப்பதால் கண்ணாடியின் சூடு சராசரியைத்தான் பின்தொடரும். எனவே உண்மையான வித்தியாசம் எட்டைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பாசிவ் பின்தங்குகிறது என்பதை மாற்றவில்லை, எண்ணை மட்டும் திரும்பப் பெறுகிறேன்.

ஆக்டிவுக்கும் பர்ன்-இன் உண்டு. தொலைபேசியின் மேல்பட்டி, டிவியில் சேனல் சின்னம், எல்லாம் பதியும். முழுநிறத் திரையில் நீலம் முதலில் தளரும், அதனால்தான் பல தொலைபேசித் திரைகளில் நீலத் துணைப்பிக்சலைப் பச்சையைவிடப் பெரிதாகச் செய்கிறார்கள்: பரப்பு கூடினால் அதே வெளிச்சத்துக்கு மின்னோட்ட அடர்த்தி குறையும். ஆக்டிவில் டிரான்சிஸ்டரும் சேர்ந்து மாறும். லேசரால் படிகமாக்கிய பாலிசிலிக்கானில் பக்கத்துப் பக்கத்து டிரான்சிஸ்டர்களே ஒன்றுபோல் இருக்காது, விட்டால் திரை முழுக்கத் திட்டுத்திட்டாகத் தெரியும். இதைச் சரிகட்டத்தான் இரண்டு டிரான்சிஸ்டரில் தொடங்கிய பிக்சல் தொலைபேசிகளில் ஏழு டிரான்சிஸ்டர் வரை வளர்ந்தது. பாசிவில் அந்தக் கவலையே இல்லை, ஓட்டும் மின்னோட்டம் வெளியே சிலிக்கான் சில்லிலிருந்து வருகிறது.

24 ஆகஸ்ட்

"அப்படியானால் எதை எடுக்கட்டும்" என்று கேட்பவர்களுக்கு, நான் கேட்கும் கேள்விகளைத் தருகிறேன்.

எத்தனை வரிசை? 64 வரை என்றால் தயங்காமல் பாசிவ். 128 என்றால் உள்ளறைக்கு மட்டும், மங்கலாக இருந்தால் பரவாயில்லை என்றால். அதற்கு மேல் பாசிவை யோசிக்கவே வேண்டாம். நிறப்படம், காணொளி வேண்டுமா? ஆக்டிவ். எந்நேரமும் எரியுமா? அப்போது இரண்டிலுமே படத்தை நகர்த்தத் திட்டமிடுங்கள், அல்லது ஓஎல்இடியையே விட்டுவிடுங்கள். கண்ணாடிபோல் ஊடுருவிப் பார்க்கும் சின்னத் திரை வேண்டுமா? பாசிவ் எளிது, வழியை மறைக்க டிரான்சிஸ்டர் இல்லை. ஒன்றிரண்டு மட்டும் செய்யும் சொந்தக் கருவியா? பாசிவ், ஏனென்றால் நான்கு கம்பியில் இணைத்து அன்று மாலையே எழுத்து வரவழைக்கலாம். அமோலெட் திரைகள் பெரும்பாலும் வேகமான இணைப்பு, இரண்டு மூன்று மின்னழுத்தம், தயாரிப்பாளர் மட்டுமே தரும் தொடக்கக் கட்டளைகள் என்று கேட்கும். நான் ஒன்றை எரிய வைக்க மூன்று வாரம் ஆனது.

முதலில் கேட்டவருக்கு: உங்கள் பழைய கைப்பட்டை வெயிலில் தெரியவில்லை என்பதற்காகத் தூக்கிப் போட வேண்டாம். நேரத்தையும் அடியெண்ணிக்கையையும் வீட்டுக்குள் காட்ட அது போதும்.

31 ஆகஸ்ட்

கடிகாரத்தை மறுபடி கட்டினேன். புதிய திரை, அதே அளவு. மல்டிபிளெக்ஸ் 32, எண்கள் 32 வரிசைக்குள் அடங்கும்படி எழுத்துருவை மாற்றினேன். பழையதில் கான்ட்ராஸ்ட் 207, நிரல் நூலகம் போட்ட எண்ணை அப்படியே விட்டிருந்தேன், ஒரு பிக்சலுக்கு 80 மைக்ரோ ஆம்பியருக்கு மேல். இப்போது 100, அதாவது 40-க்குச் சற்றுக் கீழே. வரிசை பாதியானதால் கண்ணுக்கு வெளிச்சம் முன்பு இருந்ததே, உச்ச மின்னோட்டம் பாதி. "வெப்பம்" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். இரட்டைப்புள்ளி ஒரு நொடி விட்டு ஒரு நொடி எரிகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாமே இரண்டு பிக்சல் பக்கவாட்டில் நகர்கிறது. இரவு 11 முதல் காலை 5 வரை திரை அணைந்திருக்கும்.

பழைய திரையையும் பக்கத்தில் பழைய நிரலோடு ஓடவிட்டிருக்கிறேன். அடுத்த ஆண்டு இதே தேதியில் இரண்டையும் முழுத்திரை எரிய வைத்து, ஷட்டரை நொடியில் பத்தில் ஒரு பங்கு வைத்துப் படம் எடுத்து இங்கே சேர்க்கிறேன்.